பேனாப்போனுக்குச் சொன்ன வாக்கு

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கத்துப் பெல்மதுளையில் இரத்தினக்கல் வியாபாரம் நடக்கிற சந்துக்குள்ளே, ஜுனைதீன் ஹாஜியாரின் மாடிக் கட்டடத்துக்குக் கீழே ஒரு சின்னப் போன் கடை இருந்தது. கடைக்காரன் பேர் சுரேந்திரன். எந்தச் சுரேந்திரன் என்றால், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டின மூக்கையாவின் கடைசி மகன். மூக்கையாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தங்கச்சி, சின்னத்தாயி. ஆளைப் பிரித்து இந்தியாவுக்கு அனுப்பின காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறிப் போனவள், கூடலூர்ப் பக்கம் குடியேறினாள். அவளுக்கு ஒரு மகன், வேலாயுதம். இந்த வேலாயுதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஒருவன் அந்தச் சந்தில் கடை திறந்தது அதுதான் முதல் தடவை. ஆரம்பத்தில் கல் வியாபாரிகள் அவனை, "ஏய், தோட்டத்துத் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் திரும்பிப் பார்க்கமாட்டான். இன்னொரு தரம் கூப்பிட்டால், "எனக்குப் பேர் இருக்கு மொதலாளி. போர்டுல பெருசா எழுதிப் போட்டிருக்கேன், கண்ணாடி போட்டுட்டு வந்து படிங்க" என்பான். வாய் அப்படி. அப்பன் மூக்கையாவும் கங்காணிக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்க்காத ஆள்தான்.

அந்தச் சந்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கடதாசியில் மடித்த கல்லை ஒருவர் கையில் இன்னொருவர் வைப்பார். ரசீது கிடையாது, சாட்சி கிடையாது. விற்றவர், "இதுக்கு நான் பொறுப்பு" என்று ஒரு சொல் சொல்லுவார், அவ்வளவுதான். பிறகு அந்தக் கல் நிறம் ஏற்றச் சூடு காட்டின கல் என்று தெரிந்தால், எத்தனை வருஷமானாலும் அதைக் கொண்டுவந்து விற்றவர் கையில் வைக்கலாம். அவர் வாங்கித்தான் ஆகவேண்டும். வாங்க மறுத்தவனுக்கு அதற்குப் பிறகு அந்தச் சந்தில் ஒருத்தரும் கடதாசி நீட்டமாட்டார்கள். டீ குடிக்கக்கூடக் கூப்பிடமாட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் கொழும்பிலிருந்து ஒரு ஏஜெண்ட் வந்து, பேனாப்போனை சுரேந்திரன் கடையில் வைத்தான். அதற்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பேர். விரல் நீளத்துக்கு ஒரு பேனா உள்ளே செருகியிருந்ததால் சந்து முழுக்க அதைப் பேனாப்போன் என்றே சொன்னது. அகலமான கண்ணாடி. கல்லைப் படம் பிடித்தால் உள்ளே ஓடுகிற கோடுகூடத் தெரியும். படத்தை அந்த நிமிஷமே பெரிய கல் வியாபாரிகள் இருக்கிற பேருவளைக்கு அனுப்பலாம். கல் வியாபாரிகளுக்கு வேறு என்ன வேண்டும்? வரிசையில் நின்று வாங்கினார்கள்.

விற்கும்போது சுரேந்திரன் அந்தச் சந்தின் ஆளாகவே ஆகிவிட்டான். ஒவ்வொருவர் கையிலும் போனை வைத்து, "கல்லுக்குச் சொல்ற மாதிரி சொல்றேன். நான் இந்தச் சந்துல இருக்குறவரைக்கும் இந்தப் போன் பேசும். இதுக்கு நான் பொறுப்பு" என்றான். அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனை எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஹாஜியாரின் தம்பி மஷூர் தோளில் தட்டி, "சுரேன், நீ இனி எங்கட ஆள்" என்றார்.

அவன் செய்த பிழை அந்த வாக்குத்தான். மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்த கல்லுக்கு அதற்குப் பிறகு யார் தயவும் வேண்டாம். போன் அப்படி இல்லை. புருஷன் வீட்டுக்கு வந்த பெண் மாதிரி, அதற்குத் தாய்வீடு ஒன்று உயிரோடு இருக்கவேண்டும்.

தாய்வீடு கெட்டுப்போகத் தொடங்கியது. கடலுக்கு அப்பால் அந்தக் கம்பெனிக்கு நொடிப்பு. அந்த ஜாதிப் போனை வேறு எவனும் செய்வதில்லை. மற்றப் போன்காரர்கள் மாசத்துக்கு ஒரு புது மாதிரி இறக்கினார்கள். பேனாப்போனில் இருந்தது மூன்றே மாதிரி. மூன்றும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சார்ஜர் முனை வேறு எதற்கும் பொருந்தாது. உறை கேட்டால் இரத்தினபுரிக் கடைக்காரர்கள், "தைச்சுப் போடுங்க" என்று சிரித்தார்கள். உள்ளே ஏதாவது குழம்பினால் சரிப்படுத்துகிற புது ஏற்பாடும் வரவில்லை. கடைசியில் கொழும்பு ஏஜெண்டின் கதவே பூட்டிக் கிடந்தது. போன் எடுத்தால் மணி மட்டும் அடிக்கும்.

பேட்டரிகள் வீங்கத் தொடங்கின. ஒவ்வொருவராகக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள்.

ஹாஜியார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "மகன், நான் சொல்றதக் கேளு. கல்லுக்குச் சொல்ற சொல்ல நீ பிளாஸ்டிக்குக்குச் சொல்லிட்டாய். செத்துப் போச்சு என்டு சொல்லு, நான் சந்துல பேசி முடிச்சுத் தாரன்."

"நீங்க பேசுனா விட்டுருவாங்க ஹாஜியார். ஆனா நாளைக்கு என்ன சொல்லுவாங்க? தோட்டத்தான் வாக்கு அவ்வளவுதான்னு சொல்லுவாங்க. எனக்குப் பின்னால லயத்துலருந்து எவன் வந்து இங்க கடை கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க."

"அப்ப என்ன செய்யப் போறாய்? நீயே போன் செய்யப் போறியா?"

"செய்வேன்" என்றான் சுரேந்திரன், எப்படி என்று தெரியாமலே.

வீட்டில் சொன்னபோது மனைவி ஷாமிளா, "அந்தக் கம்பெனிக்காரனே விட்டுட்டு ஓடிட்டானாம், நீங்க யாருங்க அவனுக்குப் பங்காளியா?" என்று கேட்டாள். கேட்டவள் அவளே ஒரு யோசனையும் சொன்னாள். "உங்க அத்தை ஊர்ப் பக்கமும் இந்தப் போன் வித்திருப்பாங்கள்ல?"

அப்படித்தான் கூடலூருக்குப் போன் போனது. சின்னத்தாயிதான் எடுத்தாள். அண்ணன் மகன் குரலை அதுவரை அவள் கேட்டதே இல்லை.

"யாரு? மூக்கையாண்ணன் மகனா? அண்ணன் முழங்கால் வலி எப்படி இருக்கு? உங்க அம்மா அங்கம்மா இன்னும் சத்தமாத்தான் பேசுறாளா?" எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் என்ன சங்கதி என்று கேட்டாள். அவன் சொன்னான். அவளுக்குப் போன் விஷயம் விளங்கவில்லை. செய்தவன் கைவிட்டுவிட்டான் என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

"எங்களையும் அப்படித்தான்டா கப்பல்ல ஏத்திவிட்டாங்க. ஏத்தினவனும் திரும்பிப் பாக்கல, எறக்கினவனும் பாக்கல. நாங்க என்ன செத்தா போயிட்டோம்? நீ விடாத. வேலாயுதத்த அலையவிடுறேன்."

வேலாயுதம் அலைந்தான். ஊட்டி, கோயம்புத்தூர் என்று பழைய கடைகளில் தூசி பிடித்துக் கிடந்த பேட்டரிகளையும் உடைந்த பேனாப்போன்களையும் பொறுக்கி, சென்னைக்கும் கொழும்புக்கும் துணி கொண்டுபோய்க் கொண்டுவருகிற ஒரு ஆள் கையில் கொடுத்தனுப்பினான். சுரேந்திரன் கொழும்புக்குப் போய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

அது இரண்டாயிரத்து ஒன்பதின் ஆரம்பம். யுத்தம் முடியாத நேரம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். தமிழன், தோட்டத்து விலாசம், பை நிறையப் பேட்டரி. சும்மா விடுவார்களா?

"போன் கடை மாத்தயா", போன் கடை ஐயா என்று நல்ல சிங்களத்தில் சொன்னான். தன் சட்டைப் பையிலிருந்த பேனாப்போனை எடுத்தும் காட்டினான். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. அங்கே நின்ற ஒருத்தரும் அப்படி ஒரு போனைக் கண்டதில்லை. கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள். பேனாவை இழுத்துப் பார்த்தார்கள். இது என்ன சாதனம், யார் செய்தது, ஏன் வேறு கடையில் இல்லை என்று கேட்டார்கள்.

பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கடைசியில் பஸ்காரன் மூலம் செய்தி கேட்டு ஹாஜியார் வேன் பிடித்து வந்து, "இவன் என்ட கட்டடத்து ஆள், இவனுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். அவன் போனையும் உடைந்த போன்களையும் திருப்பிக் கொடுத்தார்கள். பேட்டரிகளை வைத்துக்கொண்டார்கள். பை மடிப்புக்குள் மாட்டிக்கிடந்து தப்பியது ஒரு கைப்பிடிதான்.

வேனில் ஹாஜியார் வாய் ஓயவில்லை. "உசிரு பெருசா, பேட்டரி பெருசா? சொல்லு பாப்பம்!"

"நீங்க இப்ப எனக்குச் சொன்னீங்களே ஒரு சொல்லு, அதுக்குத்தான் ஹாஜியார் நானும் அலையறேன்."

ஹாஜியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கைப்பிடிப் பேட்டரி நாலைந்து பேருக்குத்தான் போதுமாயிருந்தது. அது தீர்ந்த வாரத்தில் கொழும்பிலிருந்து வேறொரு கம்பெனியின் ஆள் வந்தார். நல்ல மனிதர்தான், சிரித்த முகம். புதுக் கண்ணாடி அலுமாரி தருவார், லைட் எரிகிற போர்டு தருவார். கேட்டது இரண்டே விஷயம்: பழைய போர்டைக் கழற்றவேண்டும், இங்கே பேனாப்போன் திருத்தப்படமாட்டாது என்று கதவில் ஒட்டவேண்டும்.

"ஏக்க இவரய் மல்லி" என்றார். அது முடிந்துபோன சங்கதி, தம்பி.

அந்த நேரம் பார்த்து மஷூர் வந்து நின்றார். பின்னால் சந்தே வந்தது. கையில் பேனாப்போன், பேட்டரி வீங்கி முதுகு பிளந்திருந்தது.

"சுரேன், பேருவளையில ஆள் படத்துக்குப் பாத்துக்கொண்டு இரிக்கிறான். அன்டைக்கு நீ சொன்ன வாக்கு இரிக்கா, இல்லையா? இல்லையென்டா இல்லையென்டு சொல்லு."

"பேட்டரி இல்ல" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். "அவன்ட வாய்தான் இரிக்கி" என்று இன்னொரு குரல். சிரித்தார்கள்.

கம்பெனி ஆள் மெதுவாக, "இவருக்கு ஒரு புதுப் போன் நான் தாறேன், பிரச்சினையை விடுங்க" என்றார்.

சுரேந்திரன் மஷூரின் போனை வாங்கிப் பழைய பேட்டரியைக் கழற்றினான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து தன் சொந்தப் போனை எடுத்தான். முதுகைத் திறந்து, அதிலிருந்த பேட்டரியை எடுத்து மஷூரின் போனில் போட்டான். கண்ணாடி வெளிச்சமானது. அதை மஷூர் கையில் வைத்தான், கல்லை வைக்கிற மாதிரி.

"இவர நே மாத்தயா" என்றான் கம்பெனி ஆளைப் பார்த்து. முடியவில்லை ஐயா.

மஷூர் போனைப் பார்த்தார், அவன் கையிலிருந்த வெறும் கூட்டைப் பார்த்தார். "அப்ப ஒனக்கு?"

"நான் கடைக்காரன். கடைசியா எடுத்துக்குவேன்."

சந்து கலைந்து போனது. போகிற போக்கில் ஒருத்தர், "சுரேன், டீ குடிக்க வாறியா?" என்று கேட்டார்.

கம்பெனி ஆள் யோசித்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். பதிலுக்குப் போன் எடுத்தார், கிடைக்கவில்லை. மறுபடி எடுத்தார், கிடைக்கவில்லை. பொறுக்கமாட்டாமல் நேரிலேயே வந்து பார்த்தால், பழைய போர்டு கழற்றித்தான் இருந்தது. ஆனால் அதே போர்டைத் திருப்பி மாட்டி, முதுகுப் பக்கம் சிங்களத்திலும் தமிழிலும் சிவப்பு மையால் எழுதியிருந்தான்: பேனாப்போன் இங்கே பேசும்.

"போன் கடைக்காரன்கிட்ட போன் இல்லையா?" அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒண்ணு நான் தாறேன், சும்மா வச்சுக்குங்க."

"நான் வேற போன் தூக்குனா எங்கிட்ட வாங்குனவங்க என்ன நினைப்பாங்க? சரி மாத்தயா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நாளைக்கு உங்க கம்பெனியும் இழுத்து மூடிட்டா, இந்தப் போனுக்கு யாரு பொறுப்பு?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். அலுமாரி வரவே இல்லை.

அப்போதுதான் மாடியிலிருந்து ஹாஜியாரின் சத்தம். "டேய் சுரேந்திரன்! ஒன்ட கூடலூர் மச்சான் லைன்ல இரிக்கிறான்! போன் கடைக்காரனுக்குப் போன் புடிச்சுக் குடுக்கிற உத்தியோகம் எனக்கு! ஒன்ட பொஞ்சாதியும் காலையில என்ட போனுக்குத்தான் எடுத்தா!"

சுரேந்திரன் இரண்டு படி இரண்டு படியாகத் தாவி ஏறினான். அடுத்த பொட்டலம் கிளம்பிவிட்டதாம். வேலாயுதம் தயங்கித் தயங்கி, "இந்தத் தடவை வேற வழியா, மறைச்சு கிறைச்சு அனுப்பட்டுமா மச்சான்?" என்று கேட்டான்.

"எதுக்கு மறைக்கணும்? பஸ்லதான் கொண்டுவருவேன். பைய மடியில திறந்து வச்சுக்கிட்டே வருவேன். கேக்குறவன் கேக்கட்டும்."