சிவப்புக் காரின் மூன்றாவது பேட்டரி

என்னிடம் நூற்றுப்பன்னிரண்டு கார்கள் இருக்கின்றன. பெரிதாக நினைத்துவிட வேண்டாம், ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நிஜக் காரைப் பதினெட்டில் ஒரு பங்காகக் குறுக்கி, கதவு திறக்க, பானெட் தூக்க, ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பச் செய்த உலோக வண்டிகள் அவை. குவைத்தில் என் முதலாளி பழைய அமெரிக்கக் கார்களாக ஒரு கொட்டகை நிறைய வைத்திருந்தார். ஒன்பது வருடம் அவற்றைத் துடைத்தேன். ஓட்ட ஒருநாளும் விடவில்லை. அந்த வயிற்றெரிச்சலில்தான் குட்டிக் கார்களை வாங்க ஆரம்பித்தேன். பரளச்சிக்குத் திரும்பும்போது பெட்டிகளில் துணிமணியைவிடக் கார்தான் அதிகம் இருந்தது.

முன்னறையில் கண்ணாடி அலமாரி. கூரையில்லாத, ஒற்றை ஆள் உட்காரும் பழைய பந்தயக் கார்கள் மேல்தட்டில். வால்சிறகு வைத்த நீள நீளமான அமெரிக்கக் கார்கள் கீழ்த்தட்டில். எங்கள் ஊர்க் காற்றில் கரிசல் புழுதி கண்ணாடியையும் தாண்டி உள்ளே வந்துவிடும். வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடுவேன். என் மனைவி தன் முகத்துக்கு வாங்கிய பிரஷ் அது, கேட்டால் சண்டை வரும் என்று கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

கீழ்த்தட்டில் ஒரு சிவப்புக் கார், அதன் பீடத்தில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். அதற்குச் சில்லறைக் காசு போல மூன்று வட்டப் பேட்டரிகள். சித்திரை வெயிலில் பேட்டரி கசிந்து உலோகத்தைத் தின்றுவிடும் என்று, பங்குனி கடைசியிலேயே கழற்றிவிடுவேன். கழற்றியதைத் தூக்கிப் போடமாட்டேன். காரோடு வந்த எதுவும் காரோடுதான் இருக்க வேண்டும் என்பது எங்களைப் போன்ற கிறுக்கர்களின் சட்டம். அட்டைப்பெட்டி, துண்டுச்சீட்டு, செத்த பேட்டரி வரைக்கும். தீர்ந்துபோன அந்த மூன்றையும் காகிதத்தில் மடித்து அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

போன சித்திரையில் என் தங்கை வந்திருந்தாள். மச்சான் சவூதியில் இருக்கிறார். அவள் மகளுக்கு ஒன்றரை வயது. நான் பெட்டிகளைப் பாயில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்கள். பாயை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனேன்.

இரண்டு கவளம்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டேன். முன்னறையில் குழந்தை இருமியது, பிறகு குமட்டியது. தங்கை ஓடினாள். நானும் போனேன். குழந்தையின் வாயிலிருந்து எச்சில் கோடாக வழிந்துகொண்டிருந்தது. பாயின் ஓரத்தில் தங்கையின் பர்ஸ் திறந்து, சில்லறை சிதறிக் கிடந்தது.

"அல்லாவே, காசை முழுங்கிருச்சு!" என்று தங்கை அலறினாள்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்தார். "பதறாதீக. காசு முழுங்குன புள்ளைக எத்தனையப் பாத்திருக்கேன். வாழப்பழத்தக் குடுங்க. நாளைக்கு வெளிய வந்துரும்," என்றார். எங்கள் பக்கத்தில் இதற்கு இதுதான் வைத்தியம்.

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் பாயைப் பார்த்தேன். பெட்டி கவிழ்ந்திருந்தது. காகித மடிப்பு பிரிந்திருந்தது. இரண்டு பேட்டரிகள்தான் கிடந்தன.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் முதலில் சிவப்புக் காரைத்தான் எடுத்துப் பார்த்தேன். கீறல் இருக்கிறதா என்று. அப்புறம் கட்டிலுக்கடியில் குனிந்து மூன்றாவது பேட்டரியைத் தேடினேன். அலமாரிக்குப் பின்னால் தேடினேன். அந்தக் காரோடு வந்த துண்டுச்சீட்டில் ஒரு படம் உண்டு. ஒரு குழந்தை, வாயருகே வட்டப் பேட்டரி, மேலே சிவப்புப் பெருக்கல் குறி. அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தவனே நான்தான். 'செத்த பேட்டரிதானே, என்ன செய்துவிடும்? காசாகவும் இருக்கலாமே' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் தங்கை என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயந்தேன். அதற்குள் அம்மா பழத்தைப் பிசைந்து குழந்தையின் வாயில் வைத்துவிட்டார்கள். குழந்தை அதை விழுங்க முடியாமல் துப்பியது. உடம்பை வில்லாக வளைத்து அழுதது. அழுகையில் சத்தமே சரியாக வரவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "அது காசு இல்லம்மா. என் காரோட பேட்டரி."

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. வீட்டில் நூற்றுப்பன்னிரண்டு கார் இருந்தும், ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு போக ஒன்றுக்கும் வக்கில்லை. தெருமுனையில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவை மறித்தேன். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே இருந்தவர்கள் தாங்களாகவே இறங்கினார்கள்.

அருப்புக்கோட்டை வரைக்கும் அந்தச் சாலை அத்தனை நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு பக்கமும் வெடித்துக்கிடந்த கரிசல், சீமைக்கருவேலம், வெயில். தங்கையின் முந்தானை எச்சிலில் நனைந்திருந்தது. எச்சிலில் இளஞ்சிவப்பாக ஏதோ கலந்திருப்பதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் குழந்தையின் கண்கள் மேலே செருகின. ஒவ்வொரு முறையும் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

அருப்புக்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சுக்கூட்டின் மேல்பாகத்தில் வெள்ளை வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். இளவயது டாக்டரம்மா படத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"காசுன்னா ஒரே வட்டமா தெரியும். இது பேட்டரிதான். எப்ப முழுங்குச்சு?"

"இப்பத்தான்," என்றேன்.

"சாப்பிட எதாச்சும் குடுத்தீங்களா?"

தங்கை, "பழம்," என்றாள்.

"அது செத்த பேட்டரி டாக்டர்," என்றேன், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "விளக்கு எரியத்தான் அதுல சக்தி இல்ல. உணவுக்குழாயைப் பொசுக்க அதுல இருக்கறதே போதும். ஒவ்வொரு நிமிசமும் முக்கியம். மதுரைக்குக் கெளம்புங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

ஆம்புலன்சில் தங்கை குழந்தையின் எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கத் துணியாமல் குழந்தையின் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு போனேன். தெரிந்த துஆக்களையெல்லாம் ஓதினேன், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஓதினேன்.

மதுரையில் மயக்கமருந்து கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். உணவுக்குழாயில் ஒரு பக்கம் வெந்திருக்கிறது, துளை விழவில்லை, ஆனால் சில வாரம் மூக்குவழிக் குழாயில்தான் பால், பின்னால் சுருங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான்காம் நாள் காலை அம்மா டீ வாங்கப் போயிருந்தார்கள். குழந்தை தங்கையின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் அவள் கேட்டாள்.

"அண்ணே, அது பேட்டரின்னு ஒனக்குத் தெரிஞ்ச பெறகு எவ்ளோ நேரம் கழிச்சுச் சொன்ன?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"பத்து நிமிசம் இருக்கும்."

குழாயின் மேல் இருந்த அவள் கை நின்றது.

"நான் அஞ்சு நிமிசம்னு நெனச்சிருந்தேன்," என்றாள்.