முயலூட்டுக்கு எரவல் மூக்கு

பிசிறு வெட்டற வேலையில கண்ணு போகும், கட்டைவெரலு காச்சுப் போகும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு மூக்கு போச்சுங்க.

என்னைய மாதிரியே ஊட்டுல உக்காந்து பீஸ் வெட்டற அக்கா தங்கச்சிகளா, உங்களுக்குத் தெரியாததில்லை. தெரியாதவங்களுக்குச் சொல்லிப்போடறேன். பனியன் கம்பெனியில தெச்ச துணியில அங்கங்க நூலு தொங்கும். காண்ட்ராக்டர் மணியண்ணன் காலையில மொபட்டுல பண்டல் கொண்டாந்து போடுவாரு. சின்னக் கத்திரியில நூலை வெட்டி, மடிச்சு, சாயங்காலம் திருப்பிக் குடுக்கோணும். எனக்கு வர்றது பூரா வெளிநாட்டுக் கொழந்தைங்க போடற வெள்ளைச் சட்டை. மங்கலம் ரோட்டுல லைன் ஊடு, ஒரே ரூமு. அதுலதான் அடுப்பு, அதுலதான் பாயி, அதுலதான் பண்டலு. அதுக்குள்ள ஒரு முயல்குட்டியும் வந்து சேந்துச்சு.

டிபன் பையில வந்தது

என்ர ஊட்டுக்காரர் செல்வராசு ஓவர்லாக் டெய்லரு. பகலெல்லாம் மிஷின் சத்தம், ஊட்டுக்கு வந்தா எஞ்சத்தம். ஒருநாள் டிபன் பாக்ஸைக் கழுவலாம்னு அவரு பைக்குள்ள கையை உட்டேன். மெத்துமெத்துன்னு என்னமோ நெளியுது. நான் போட்ட கத்துல லைன்ல இருக்கறவங்க பூரா வாசலுக்கு வந்துட்டாங்க. பொங்கலூர்ல இருந்து வேலைக்கு வர்ற ஆளு குடுத்தாராம். பேரு சாம்பிளாம். ஆர்டருக்கு முன்னாடி மாதிரிக்கு ஒண்ணு தெச்சுக் காட்டுவாங்களே, அந்தப் பேரு.

"நாம ரெண்டு பேரு பொழங்கவே எடமில்லை, இது எதுக்குங்க?"ன்னு கேட்டேன். குட்டியை மடியில வெச்சுத் தடவிட்டே சொன்னாரு:

"இது ஒண்ணுதான் சரசு, எங்கிட்டப் பேசாம இருக்குது."

ஓசி மெத்தை

நம்மூர்ல எதுக்கும், கம்பெனியில துணி வெட்டறப்ப மிஞ்சற கட்டிங் வேஸ்ட்டுதானுங்களே. வண்டி தொடைக்க வேஸ்ட்டு, தலைகாணிக்குள்ள வேஸ்ட்டு. முயலுக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்புல அதையே ஒரு சாக்கு கொட்டி மெத்தை போட்டேன். பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா பனியன் துணி ஈரத்தைக் குடிச்சுப்போட்டு மேல காஞ்ச மாதிரி நடிக்குமுங்க. அடியில பூரா மூத்திரம் தேங்கி நின்னிருக்குது. மூணாம் நாள் கிளறிப் பாத்தா கண்ணு எரியுது. போதாக்கொறைக்கு துணியில இருந்த பச்சைச் சாயம் ஈரத்துல எறங்கி, குட்டி வயித்துல ஒட்டிக்கிச்சு.

பக்கத்து ஊட்டு ஜெபமாலை அக்கா தூத்துக்குடிக்காரங்க. எட்டிப் பாத்துட்டு நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாங்க:

"எட்டி சரசு, முயலைக் கறி வைப்பாவ, கூட்டுல வளப்பாவ, கேட்டிருக்கேன், முயலை டையிங்குக்குக் குடுத்தவளை இன்னைக்குத்தாம்ட்டி பாக்கேன்!"

எரவல் மூக்கு

மெத்தையை மாத்தியாச்சு. நாத்தமும் போயிருச்சுன்னுதான் நெனச்சேன். அப்பறம் ஒருநாள் கடைக்குப் போயிட்டுத் திரும்பி உள்ள வர்றேன், குப்புன்னு அடிக்குது. அடுப்பைப் பத்தவெக்கற நேரத்துக்குள்ள அந்த நாத்தம் காணாமப் போயிருச்சு. அப்பத்தானுங்க வெளங்குச்சு. நாத்தம் போகலை, என்ர மூக்கு அதுக்குப் பழகிப்போச்சு! அப்ப என்ர மடியில கெடக்கற வெள்ளைச் சட்டையெல்லாம் என்ன கதியில இருக்குது? மோந்து மோந்து பாக்கறேன், ஒண்ணும் தெரியலை. வேற வழியில்லாம ஜெபமாலை அக்கா மூக்கை எரவல் வாங்கினேன். தெனமும் மணியண்ணன் வர்றதுக்கு முன்னாடி வந்து, பண்டலை மோந்து பாத்து, "போகட்டும்"னு சொல்லுவாங்க. அந்தப் புண்ணியவதி மூக்கை நம்பி ஒரு வாரம் ஓடுச்சு. வந்து மோக்கறதுக்கு முன்னாடி அவங்க தெனம் நெத்திலிக் கருவாடு வறுத்துட்டு வர்றாங்கங்கறதை நான் ரோசனையே பண்ணலை.

ஒருநாள் மணியண்ணன் பண்டலைத் தூக்கித் தோள்ல போட்டாரு, மீசை துடிச்சுது. பண்டலை எறக்கினாரு. மூலையில இருந்த முயலைப் பாத்தாரு. அது பேரென்னன்னு கேட்டாரு. நானும் சொல்லித் தொலைச்சேன்.

"சாம்பிளே இந்த நாத்தம்னா, ஆர்டரு எப்படிங்க நாறும்?"

கருப்பராயன் வாசம்

பயந்துட்டனுங்க. இந்த லைன்ல எனக்கு மட்டுந்தான் நிக்காம பண்டலு வருது. அது நின்னா, காலையில இருந்து ஊட்டுக்காரர் வர்ற வரைக்கும் நாலு செவுத்தைத்தான் பாத்துட்டு உக்காரோணும். தரையில பினாயிலைக் கொட்டினேன். ஊடு பூரா சாம்பிராணி போட்டேன். முயல்குட்டி தும்மல் மேல தும்மல் போட்டு, கண்ணுல தண்ணி வடிஞ்சுது. அதைப் பாத்துட்டு அவரு அன்னைக்குச் சோறு திங்கலை. பண்டலு மட்டும் கமகமன்னு போச்சு.

போனது போன வேகத்துல திரும்பி வந்துச்சு. கம்பெனியில செக்கிங் பாக்கற மேடம் பையைப் பிரிச்சதும் தும்முச்சாம். அடுத்த வாரம் அதுவே நேர்ல வந்து ஊட்டைப் பாக்குமாம், அதுக்கப்பறந்தான் பண்டலாம். "முயலு இருக்குதுன்னு நான் சொல்லலீங்க, நீங்களும் சொல்லாதீங்க"ன்னு கெஞ்சிட்டு, அந்த மேடம் கேட்டதை அப்படியே ஒப்பிச்சாரு மணியண்ணன்:

"இது கொழந்தைக்குப் போடற சட்டையா, கருப்பராயன் சாமிக்குச் சாத்தற துண்டா?"

அது புடிச்ச மூலை

ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். "பொங்கலூருக்கே திருப்பிக் குடுத்தர்றேன்"ன்னாரு. சொல்லிப்போட்டு டிபன் பையைத் தொவைச்சுக் காயப்போட்டாரு.

மக்யா நாள் விடிஞ்சா வெட்டறதுக்குப் பீஸ் இல்லை. சும்மா உக்காந்து குட்டியையே பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் புரிஞ்சுது. முயலு கண்ட எடத்துல மூத்திரம் போறதில்லைங்க. அண்டாவுக்குப் பின்னாடி ஒரு மூலை, எப்பவும் அங்கதான். நாந்தான் கிறுக்கி, பண்டலுக்கு ஆகாதுன்னு டப்பை தெனம் ஒரு பக்கம் தள்ளிவெச்சு, அது போன எடத்தைப் பினாயில் போட்டுக் கழுவி, அதுக்குத் தடமே தெரியாமப் பண்ணிருக்கேன். டப்பைக் கொண்டுபோய் அந்த மூலையிலயே வெச்சேன். அடியில பேப்பரு, மேல காஞ்ச புல்லு. காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா மாத்திப்போட்டு, நனைஞ்ச பேப்பர்ல துளியூண்டு மட்டும் உள்ள உட்டுருவேன், எடம் தெரியறதுக்கு. தரைக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்ச தண்ணி. மார்க்கெட்டுல ஓசிக்கு வர்ற கோசுத் தழையைத் தின்னா நாத்தம் கூடும்னு அதை நிறுத்தினேன். அதுக்குப் பதிலா அரைச் சாக்கு சோளத்தட்டு கேட்டு வாங்கினேன். பண்டல் வந்தா மாட்டறதுக்கு, எங்களுக்கு முன்னாடி குடியிருந்தவங்க போட்டுட்டுப் போன தொட்டில் கொக்கியிருக்குது. அதுல சேலை கட்டி வெச்சேன்.

நாலு நாள் கருவாடு வறுக்கக் கூடாதுன்னு ஜெபமாலை அக்காகிட்டச் சத்தியம் வாங்கிட்டு, மோந்து பாக்கச் சொன்னேன். மூலை மூலையாக் குனிஞ்சு பாத்தாங்க.

"என் மூக்கு நல்லாத்தாம்ட்டி இருக்கு, ஒன் வீடுதான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு."

மேடம் வந்த அன்னைக்கு

அன்னைக்குன்னு பாத்துக் கரண்டு இல்லை. ஃபேனு சுத்தலை. கம்பெனியிலயும் கரண்டு இல்லைன்னு அவரு ஊட்டுலதான் இருந்தாரு. மொபட் சத்தம் கேட்டதும் முயலைத் தூக்கி டிபன் பையில போட்டு, கக்கத்துல இடுக்கிட்டு, செவுத்தோட ஒட்டி நின்னுட்டாரு. மேடம் சின்னப் புள்ளைதானுங்க. ஆனா உள்ள வந்து ஒரு இழுப்பு இழுத்துச்சு பாருங்க, எனக்கு மூச்சே நின்னு போச்சு. அந்தப் புள்ளை மூஞ்சியையே பாக்கறேன். எனக்குத்தான் மூக்கு இல்லையே! அண்டாவுக்குப் பின்னாடி பாத்துச்சு. தொட்டில் சேலையை மோந்துச்சு. வாசலுக்குப் போய் நின்னு மூஞ்சியைச் சுளிச்சுது.

"ஏனுங்க்கா, வெளிய சாயச் சாக்கடைதான் இந்த நாத்தம் நாறுது. உள்ள ஒண்ணுமில்லீங்க. கதவைச் சாத்தி வெச்சு வெட்டுங்க. நாளைக்குப் பண்டலு வரும்"னுச்சு. மணியண்ணன் துண்டுல மூஞ்சியைத் தொடைச்சாரு. நான் டீ போடறேன்னேன். வேண்டாம்னுட்டு செருப்பைப் போட்ட புள்ளை, திரும்பி அவரைப் பாத்துச்சு.

"பையில என்னங்ணா?"

"டிபனுங்க"ன்னாரு இவரு. அன்னைக்கு அவரு பேசின ஒரே வார்த்தை அதுதான்.

"அதைக் கிட்டக்க வெச்சு வெட்டாதீங்க்கா, சட்டையில முடி ஒட்டும்"னு எங்கிட்டச் சொல்லிப்போட்டு, சிரிக்காமச் சொல்லுச்சு:

"அண்ணா, உங்க டிபனு காதை ஆட்டுதுங்க."

எம்மூக்கு இன்னும் திரும்பி வரலைங்க, ஆனாப் பண்டலு வருது, முயலு இருக்குது, ஊட்டுக்காரரும் தெனம் நாலு வார்த்தை பேசறாரு, மூணு முயலுகிட்ட, ஒண்ணு எங்கிட்ட.