சிக்கந்தருக்குப் போட்ட எஸ்டிமேட்

எங்கள் வீட்டில் குக்கருக்கு கேஸ்கெட் மாற்ற வேண்டுமென்றாலும் எஸ்டிமேட் போட வேண்டும். அப்பாவின் வேலை அப்படி. இராணுவத்தில் இருப்பவர்கள் மாற்றலாகிப் போகும்போதும் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போதும் கொடுக்கிற பயணப் பில்களைச் சரிபார்ப்பார். சரியில்லாதவற்றில் சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்புவார். சிக்கந்தராபாத்தில், அலுவலகம் திருமுல்கேரியில், வீடு லோத்குண்டாவில். அந்தச் சிவப்புப் பேனா மட்டும் சட்டைப் பையில் உட்கார்ந்து இரண்டு இடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தது. அம்மா புது மிக்ஸி வேண்டுமென்று எழுதிக் கொடுத்த காகிதம், ‘பழையதைப் பழுதுபார்க்க ஆகும் செலவு தெரிவிக்கப்படவில்லை’ என்ற குறிப்போடு அவளிடமே திரும்பி வந்தது. அம்மா அதில் வடையை வைத்து எண்ணெயை ஒற்றி எடுத்தாள்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இராணுவக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. பக்கத்து பெஞ்சில் இருந்தவள் திடீரென்று காணாமல் போனால் போஸ்டிங். ஒரு வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், அப்பாவுக்கு ஃபீல்டு போஸ்டிங், அதாவது குடும்பத்தை அழைத்துப் போகக் கூடாத இடம். உலகத்தில் யாரும் யாரையும் விட்டுப் பிரிந்திருப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது ஒன்றுதான். ஆகவே, அந்தக் கோடையில் அப்பாவின் தங்கை கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கி, மாமா ஏன் வரவில்லை என்று நான் கேட்டதற்கு “அவருக்கு இப்ப தோதுப்படாது” என்று அம்மா சொன்னபோது, மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமா வைத்திருந்தது மோட்டார் பம்புக் கடை என்பது என் முடிவுக்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை.

அத்தை என் அறையில்தான் படுத்தாள். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருந்தன. தினமும் ஒன்றை இழுத்து ஒரு புடவையை எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததும் மடித்து அதிலேயே வைத்துப் பூட்டுவாள். என் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தேன். “எதுக்கு கண்ணு, இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். பேச்சும் அவ்வளவுதான். அம்மா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் திரும்பி வருவதற்குள் வீட்டு வேலை அத்தனையும் முடிந்திருக்கும். அத்தை வந்ததில் எல்லோரையும்விட எனக்குத்தான் சந்தோஷம். என் தலையை வலிக்காமல் பின்னத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

ஜூன் மாதம் எதிர்வீட்டு மேஜருக்கு வடகிழக்கில் போஸ்டிங் வந்தது. அவர்களிடம் சிக்கந்தர் இருந்தான். நான்கு வயது லாப்ரடார். சிக்கந்தராபாத்தில் வாங்கியதால் அந்தப் பெயர். மேஜரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, வேண்டுமானால் நாயை வைத்துக்கொள்ளச் சொன்னார். சங்கிலி, படுக்கை, கிண்ணங்கள், பாதி மூட்டை தீனி எல்லாம் இலவசம். நாங்கள் மறுத்தால் மேட்சல் பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்விடும். அந்தப் பண்ணை நாய்களை நான் பார்த்திருந்தேன். பகல் முழுக்கக் கட்டியே வைத்திருப்பார்கள். சிக்கந்தரோ என் சைக்கிள் மணி கேட்டால் வாலால் பூந்தொட்டியைத் தள்ளுகிற ஜாதி. அன்று மாலை அப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

அப்பா மறுக்கவில்லை. “வர்றது சும்மா வந்துடும். வச்சிக்கிறதுக்குத்தான் காசு. ஒரு வருஷத்துக்கு எஸ்டிமேட் போட்டுக் கொண்டா” என்றார்.

எனக்கு அது தூசு. பிறந்ததிலிருந்து அந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தவள். ஒரே இரவில் தீனி, முட்டை, தயிர் என்று எழுதிக் கொடுத்தேன். காலையில் பார்த்தால் காகிதம் முழுக்கச் சிவப்பு. தடுப்பூசி எங்கே? உண்ணி மருந்து எங்கே? நோய் வந்தால்? மழைக்காலத்தில் துவட்டத் துண்டு? வயதானால் வைத்தியம்? இரண்டாவது முறையும் திரும்பி வந்தது, இந்த முறை இரண்டே ஆட்சேபணைகளோடு: ‘குடும்பத்தார் சொந்த ஊரான வேலூர் செல்லும் நாட்களில் நாய் எங்கே தங்கும்? பகலில் பார்த்துக்கொள்வது யார்?’

மருந்துக்கடையிலும் கால்நடை டாக்டரிடமும் நானே போய் விசாரித்தேன். மூன்றாவது எஸ்டிமேட்டில் ஓட்டை இருக்காது என்ற நம்பிக்கையில், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று வாசித்தேன். அத்தை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். வரவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று படித்தேன். “வரவு இல்லன்னு தெரிஞ்சே எடுக்கிறோம், அதை ஞாபகம் வச்சிக்க” என்றார் அப்பா. “ஒரு மாசம் ரெண்டு மாசம் இல்ல. வந்துட்டா அதோட ஆயுசு பூரா நம்ம சோறுதான்.” அம்மாவும் தன் பங்குக்கு, வீட்டில் ஒரு வாய் கூடினால் என்ன ஆகும் என்பது சமையல்கட்டில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும் என்றாள். இருவரும் சிக்கந்தரைப் பற்றித்தான் பேசினார்கள். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

கடைசி வரிக்கு வந்தேன். என் எஸ்டிமேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது. ‘பகலில் பார்த்துக்கொள்வது: தற்சமயம் அத்தை. மாமாவின் ஃபீல்டு போஸ்டிங் முடிந்து அத்தை ஊருக்குத் திரும்பியதும் வேறு ஏற்பாடு செய்யப்படும்.’

பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா எழுந்து, நிரம்பியிருந்த தண்ணீர்ச் சொம்பை மறுபடி நிரப்பக் கொண்டு போனாள். அத்தை ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு என் தோளுக்குமேல் குனிந்து காகிதத்தைப் பார்த்தாள்.

“தற்சமயம்னு இருக்குல்ல, அதை அடிச்சிடு,” என்றாள். “நாயை நான் பாத்துக்கிறேன்.”

அப்பா அங்கேயே, இடது கையால், ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி எழுதினார். நிபந்தனை ஒன்றுதான்: செலவு மதிப்பீட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மேட்சல்.

சிக்கந்தர் வந்தான். காலையும் மாலையும் அவனை அத்தை வெளியே அழைத்துப் போனாள், அல்லது அவன் அத்தையை இழுத்துப் போனான். ஆரம்பத்தில் தெருமுனை வரைக்கும் போனவர்கள், பிறகு இராணுவ மைதானத்து வேலி ஓரமாக ஒரு பெரிய சுற்றுச் சுற்றி வந்தார்கள். நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள அறிமுகம் தேவைப்படுவதில்லை. இதே ஊரில் வளர்ந்து, கல்யாணமாகிப் போனபின் பேச ஆளில்லாமல் கிடந்த அத்தையின் ஹிந்தி, வேலி ஓரத்தில் உயிர் பெற்றது. அதற்குப் பின்னால், ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’, ‘ஏன்’ என்பதற்கு ‘கைக்கு’ என்கிற இந்த ஊர்ப் பழைய தக்கணி ஹிந்தியும் எழுந்து வந்தது. யார் வீட்டில் எந்த நாய், அதற்கு என்ன ஒத்துக்கொள்ளாது, அந்த வீட்டுக்காரர் எப்போது லீவில் போகிறார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி ஆனது.

முதல் இரண்டு மாதம் என் கணக்கு துல்லியம். காய்கறிக்கு அப்பா போவன்பள்ளி மார்க்கெட் போகும்போது சிக்கந்தருக்குக் கேரட் மலிவாக வந்ததில் மிச்சம்கூடப் பிடித்தேன். மூன்றாவது மாதம் மழை. சிக்கந்தரின் தோலில் திட்டுத் திட்டாக முடி கொட்டி, சொறிந்து சொறிந்து புண்ணாகிவிட்டது. ஊசி, ஷாம்பு, வேறு தீனி, மறுபடி ஊசி. மாதக் கடைசியில் என் காகிதம் ‘மிகைச் செலவு. ஈடுகட்டும் வழி தெரிவிக்கவும்’ என்று வந்தது. அன்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் வழி எழுத உட்கார்ந்தேன். பழைய பேப்பர் விற்பது, என் பாலை நிறுத்துவது என்று எழுதினேன். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு ஊசிக்குக் காணாது.

அத்தை எனக்குப் பின்னால் நின்று படித்தாள். “நீதான எழுதியிருந்தே, ஊருக்குப் போறப்ப நாயை விடுற இடத்துக்கு ஒரு நாளுக்கு இவ்வளவுன்னு? அதை விசாரிச்சுத்தான் போட்டியா?”

விசாரித்துத்தான் போட்டேன் என்றேன். அவ்வளவு தூரம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்பதையும் சொன்னேன்.

“அதுல பாதி வாங்கலாம்,” என்றாள் அத்தை.

தசரா விடுமுறைக்கு நாலாவது வீட்டிலிருந்து ஒரு குட்டைக்கால் டாக்ஸ்ஹண்ட் நாய் வந்தது. அதைக் கொண்டுவந்து விட்ட அம்மாளிடம் ஒரு நாளுக்கு இவ்வளவு, மருந்து கொடுப்பதாக இருந்தால் தனி, தீனி நீங்களே தர வேண்டும் என்று அத்தை ஹிந்தியில் நிபந்தனை சொன்னதைக் கேட்டு அம்மா கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பிளந்தாள். தீபாவளிக்கு இரண்டு நாய்கள். டிசம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் லீவில் போக, எங்கள் பின்கட்டில் ஐந்து கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. இது வீடா சந்தையா என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே எல்லாக் கிண்ணத்திலும் தண்ணீர் ஊற்றினாள். சிக்கந்தர் சொந்தக்காரன் தோரணையில் வாசற்படியில் படுத்திருந்தான். அவன் தோலும் ஆறிவிட்டது. தசரா, தீபாவளி வசூல் மிகைச் செலவை ஈடுகட்டவே போய்விட்டதால், ஆறாவது மாதக் கணக்கில்தான் வரவு என்ற இடத்தில் முதன்முறையாக ஒரு தொகை எழுதினேன். அப்பா கீழே ‘தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் எனக்கு வந்த எந்த மார்க்கும் அந்த ஒரு சொல்லுக்கு ஈடாகாது.

அதற்கு அடுத்த வாரம்தான் அத்தை கேட்டாள். “எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு.”

“எந்த நாய்க்கு?”

“எனக்குடி. ஒரு வருஷத்துக்கு.”

என் தொழிலில் எனக்கு வந்த இரண்டாவது வாடிக்கை. பொறுப்பாகச் செய்தேன். சாப்பாட்டுக்கு அம்மாவிடம் கேட்டேன். அம்மா கோபித்துக்கொண்டு சொல்ல மறுத்துவிட்டதால், மொத்த மளிகைக் கணக்கை வாங்கி நானே பங்கு பிரித்துப் போட்டேன். சோப்பு, எண்ணெய், தைராய்டு மாத்திரை, செல்போன், வருடத்துக்கு இரண்டு புடவை. வரவு என்ற இடத்தில் டிசம்பர் வசூலைப் போடச் சொன்னாள். கூட்டிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எழுந்து நின்று, அத்தைக்குச் சிக்கந்தரைவிடக் குறைவாகத்தான் ஆகிறது, காரணம் உண்ணி மருந்துச் செலவு இல்லை என்று அறிவித்தேன். அம்மா என் பெயரைச் சொல்லி அதட்டினாள். அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த பணத்தை எடுத்து அம்மாவின் தட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்க அண்ணி, நாயைவிடச் சல்லிசா வர்றேன். வாங்கிக்குங்க.”

அம்மா கையை இழுத்துக்கொண்டாள். நீயா நானா என்று சற்றுநேரம் நடந்தது. கடைசியில் அம்மா வாங்கிக்கொண்டு, எதற்கோ முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எஸ்டிமேட்டை அப்பாவிடம் நீட்டினேன். அதில் அத்தை சொல்லாத ஒரு வரியை நானாகவே சேர்த்திருந்தேன். அப்பாவின் முதல் விதி எனக்குத் தெரியும். போன டிக்கெட் இருந்தால் திரும்பிய டிக்கெட்டும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பில் அந்த இடத்திலேயே நிற்கும். அத்தை வந்த டிக்கெட் இருந்தது. ஆகவே கடைசியில், மாமாவின் போஸ்டிங் முடியும்போது கோயம்புத்தூர் திரும்ப ஸ்லீப்பர் கட்டணம் என்று, அந்த ஆண்டு விலையில், பெட்டிகளுக்குப் போர்ட்டர் கூலியையும் சேர்த்துப் போட்டிருந்தேன். ஆட்சேபணைக்கு இடமே இல்லை.

அப்பா கடைசி வரிவரைக்கும் படித்தார். பேனாவை எடுத்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் காரணம் எழுதாமல் அடிக்கப்பட்ட வரி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். விதிப்படி காரணம் வேண்டும் என்று வாதாடினேன். “தேவையில்லாத செலவு” என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துக் கை கழுவப் போய்விட்டார்.

இது அக்கிரமமாகப் பட்டது. ஒருவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய பயணச் செலவு! காகிதத்தை எடுத்துக்கொண்டு அத்தையிடம் ஓடினேன். அவள் வாங்கி, அந்தச் சிவப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தாள்.

“அந்த டிக்கெட் நக்கோ கண்ணு. அண்ணன் சரியாத்தான் அடிச்சிருக்காரு.”

“கைக்கு?” என்று கத்தினேன்.

அத்தை காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். என் அறைக்குப் போனாள். அப்பாவிடம் இனிமேல் பேசுவதில்லை என்று முடிவெடுத்து நான் பின்னாலேயே போனபோது, அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகளையும் இழுத்துத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் அலமாரியில், நான் எப்போதோ காலி செய்து கொடுத்திருந்த தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சிக்கந்தர் காலிப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தான். அவனை அவள் விரட்டவில்லை. டிக்கெட் கிடைக்காத கோபத்தில்தான் பெட்டியைக் காலி செய்கிறாள் என்று நினைத்து, நானும் அப்பாமேல் பல்லைக் கடித்துக்கொண்டு அவளுக்குப் புடவைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.