அம்மா எடுத்த வாக்குத்தத்தம்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. மாமாவின் நினைவு மலரில் எழுதப்போகிறவர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள், அவரோடு சேர்ந்து பாடம் நடத்தியவர்கள், பெரிய பெரிய போதகர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்று, போடி பஜாரில் அப்பாவின் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்தவள். ஜெபக்கூட்டத்தில் ஒரு சின்ன ஜெபம் செய்யச் சொன்னால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாமா பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து போன் செய்த ஒரு தம்பி, குடும்பத்தில் ஒருவர் எழுதினால் நன்றாக இருக்கும், சிறுவயது ஞாபகம் ஏதாவது போதும் என்று விடாமல் கேட்டார். எனக்கு மாமாவைப் பற்றி இருக்கிற ஞாபகம் இது ஒன்றுதான். மலரில் போடலாமா கூடாதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமா, அம்மாவின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் அவரை வளர்த்தது அம்மாதான். மதுரையில் இறையியல் படித்தார், பெங்களூரில் மேலே படித்தார், குருப்பட்டம் பெற்றார், பிறகு ஜெர்மனிக்குப் போய்ப் பழைய ஏற்பாட்டில் டாக்டர் பட்டம் வாங்கினார். எபிரெய மொழியை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தே அவருக்குத் தலை நரைத்தது. தீர்க்கதரிசிகளைப் பற்றி அவர் எழுதிய கனமான புத்தகங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் இன்றும் புதிதாகவே இருக்கின்றன. இதையெல்லாம் மற்றவர்கள் விவரமாக எழுதுவார்கள்.

நான் சொல்வது, அவர் ஜெர்மனியிலிருந்து திரும்பிக் கல்லூரியில் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த சமயம். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். அவ்வளவு படித்த மனிதர் என் காதுக்குப் பின்னாலிருந்து ஏலக்காய் எடுத்துக் காட்டுவார். மறுபடியும் எடுப்பார். வெறும் கைதான் போகும், காயோடு திரும்பி வரும். என் கண்ணுக்கு அவருடைய படிப்பெல்லாம் அதுதான்.

அந்த வருஷம் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தேனி டாக்டர், மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா அசையவில்லை. அவளுடைய சிநேகிதி ஒருத்தி அதே மாதிரி மதுரைக்குப் போய்த் திரும்பி வராதவள். அந்தப் பயம் உள்ளே இருந்தது. வெளியே சொன்ன காரணம் வேறு. புது வருஷம் பிறக்கட்டும், ஆண்டவர் வாக்குத்தத்தம் தரட்டும், அதில் போகச் சொன்னால் போகிறேன் என்றாள்.

எங்கள் சபையில் புத்தாண்டு காலை ஆராதனை முடிவில் பித்தளைத் தட்டில் சின்னச் சின்ன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வசனம், ஓரத்தில் ரோஜாப்பூவோ ஏரியோ படமாக இருக்கும். ஒவ்வொருவராகப் பீடத்துக்கு முன்னால் போய், கண்ணை மூடி ஜெபித்து, ஒன்றை எடுக்க வேண்டும். அதுதான் வாக்குத்தத்தம், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குச் சொல்கிற வார்த்தை. வீடு திரும்பும் வழியெல்லாம், உனக்கு என்ன வந்தது, எனக்கு என்ன வந்தது என்ற பேச்சாகவே இருக்கும். அப்பா தன் அட்டையைக் கடைத் தராசுக்கு மேலே ஒட்டிவைப்பார். அம்மாவோ அதை வைத்துத்தான் வருஷத்தையே நடத்துவாள்.

மாமாவுக்கு இந்த அட்டைகளைக் கண்டால் ஆகாது. சாப்பாட்டு மேஜையில் அம்மாவுக்கும் அவருக்கும் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாங்கள் முறங்களில் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, அது கடையில விக்கிற அட்ட. ஒரு வசனத்த நடுவுல பிச்சு எடுத்து, பூப்போட்டு அச்சடிச்சிருக்கான். அது யாரோ ஒரு ராசாவுக்குச் சொன்னது. உனக்குச் சொன்னதில்ல."

"நீ படிச்சவன் தம்பி. எனக்கு அந்தத் தட்டுதான் தெரியும்."

"தட்டப் பாத்துக்கிட்டு இருந்தா கட்டி நிக்குமா?"

அப்பா இடையில் புகுந்து, "நல்லாக் கேளுப்பா. ஏலத்துல காய் எடுக்குறதுக்குக்கூட நான் இம்புட்டு யோசிச்சதில்ல" என்றார்.

அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தாள். "நீ பெரிய பரீட்ச முடிச்சதும் உன்னைய மேகமலை எஸ்டேட்ல கணக்கெழுதக் கூப்பிட்டாக. ஞாபகம் இருக்கா? அந்த வருசம் உம் பேரச் சொல்லித்தான் தட்டுல கைய வச்சேன். ஊழியத்துக்கு அனுப்புன்னு வந்துச்சு. அனுப்பிட்டேன். அதுவும் யாருக்கோ சொன்னதுதானா?"

மாமா முறத்தில் வெடித்த காய்களைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார். எல்லாம் தெரிந்த மாமாவுக்கு ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை என்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த வருஷம் எங்கள் போதகருக்குப் புத்தாண்டன்று சுற்று ஊர்ச் சபைகளிலும் ஆராதனை இருந்தது. அதனால் போடி ஆராதனையை நடத்தித் தரும்படி மாமாவைக் கேட்டுக்கொண்டு, அட்டைக்கட்டையும் எங்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அத்தைக்கு இதில் ஏக மகிழ்ச்சி. "சீமையில படிச்சிட்டு வந்தவுக நம்ம தட்டப் பிடிக்கப் போறாகளாமில்ல. ஜெபத்துக்குக் கண்ண மூடுறாகளா இல்லையான்னு பாக்கணும்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மாமா அந்தக் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பினார். அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். நாங்கள் காய் பிரிப்பதுபோலவே ஒவ்வொரு அட்டையாக எடுத்து வாசித்து வாசித்து ஒதுக்கினார். எல்லாம் பெருகும், கிடைக்கும், சுகமாகும், சத்துரு விழுவான் என்பவைதான். புறப்படச் சொல்லும் அட்டை அவ்வளவு எளிதில் அகப்படவில்லை போலிருக்கிறது. வெகுநேரம் கழித்து ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மீதியைப் பழையபடி கட்டினார். நல்லதாக ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

ஜெபத்தில் கண்ணைத் திறந்தால் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் தொடையில் கிள்ளுவார். ஆனாலும் எனக்குக் கண் நிற்காது. புத்தாண்டு காலையில் பிள்ளைகள் நாங்கள் பீடத்துக்கு அருகே பாயில் உட்கார்ந்திருந்தோம். பெரியவர்கள் வரிசையாக வந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. மாமா வெள்ளை அங்கியில் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மாவின் முறை வந்தது. அவள் முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடி, உதட்டை அசைத்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் அவளுக்காகத் தலையைக் குனிந்தார்கள். சபைக்கே அவளுடைய வயிற்றுக்கட்டியைப் பற்றித் தெரியும். அவள் கையை நீட்டினாள். மாமாவின் அங்கிக் கைக்குள்ளிருந்து ஒரு அட்டை வந்தது. அவள் விரல் தட்டைத் தொடுவதற்கு முன் அதை விரலிடுக்கில் வைத்தார்.

கண்ணைத் திறந்து அம்மா வாசித்தாள். அந்த வசனத்தை இங்கே அப்படியே எழுத எனக்கு மனம் வரவில்லை. நீ போகிற இடமெல்லாம் உன்னோடு இருப்பேன், உன்னை இந்த ஊருக்கே திரும்பக் கொண்டுவருவேன் என்று பொருள். வீட்டைவிட்டு ஓடிப்போன ஒருவனுக்கு வழியில் சொல்லப்பட்டது அது என்று பிற்காலத்தில் தெரிந்துகொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் மாமா அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்த அறைக்கு ஓடினேன்.

"மாமா, நான் பாத்துட்டேன்."

"என்னத்தடி ஆத்தா பாத்த?"

"அம்மா கையில நீங்க வச்சத."

அவர் அங்கியை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்து மடித்தார். "அம்மாகிட்டச் சொல்லாத" என்றார்.

"காதுல ஏலக்கா எடுப்பீகள்ல, அது மாதிரியா?"

"அது மாதிரிதான்" என்றார். என் காதுக்குப் பின்னால் அவர் அதன்பிறகு கையைக் கொண்டுபோனதே இல்லை.

அம்மா மதுரைக்குப் போனாள். ஆபரேஷன் நடந்தது. புண் ஆறுவதற்குள் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். வேனில் கொண்டுவந்தார்கள். வீடு நிறையப் பெண்கள். பக்கத்து வீட்டு அத்தை என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆறுதலாகத்தான் சொன்னாள். "வசனம் பொய்யாகல ஆத்தா. ஊருக்குத் திரும்பக் கொண்டாருவேன்னு சொன்னாரு, கொண்டாந்துட்டாரு பாரு." மாமா பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தார். அவர் காதில் அது விழுந்தது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகுமுன் கோவிலில் மாமாவைப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். ஏறி நின்றார். வேதத்தைத் திறந்தார். திறந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூடினார். இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் போதகர் எழுந்து ஏதோ சொல்லி முடித்துவைத்தார். மாமாவுக்குப் பாடம் மறந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அப்படி ஆகும்.

அதன்பின் அவர் எத்தனையோ இடங்களில் பேசியிருக்கிறார், எங்கள் பள்ளத்தாக்கில் பேசவில்லை. பெரியகுளத்திலும் கம்பத்திலும் கூட்டங்களுக்கு அழைத்தார்கள், ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கினார். எனக்குத் துணியும் புத்தகமும் அனுப்புவார். வந்தால் ஒரு பொழுது இருப்பார், சாப்பிடுவார், கிளம்பிவிடுவார். நான் மேலே படிக்க மாட்டேன் என்றபோது அப்பா திட்டினார். மாமா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

போன மாதம் அவருடைய அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே அவருடைய பழைய மாணவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது கம்பம் பக்கம் போதகராக இருக்கிறார். மாமா கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்த வருஷம், முதல் வகுப்பில் வாக்குத்தத்த அட்டைகளை மேஜையில் கொட்டி, "இது யார், யாருக்கு, எப்போது சொன்னது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாராம். பிள்ளைகள் திணறுவார்களாம், வகுப்பே சிரிக்குமாம். தாங்கள் சேர்ந்த காலத்தில் அந்தப் பாடம் இல்லை என்றார்.

"நான் ஒரு தடவ கேட்டேன்மா. சாகக் கெடக்குற ஒருத்தவுக, இந்த வசனம் எனக்குத்தானேன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு. ஐயா சன்னலப் பாத்துத் திரும்பி நின்னுட்டாக. மணி அடிக்கிற வரைக்கும் திரும்பவே இல்ல. எங்களுக்கெல்லாம் பயமாப் போச்சு. ஏன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிட்டேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. பெட்டி பக்கத்திலேயே இருந்தது. மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இத்தனை வருஷமாக என்னிடம் இருந்தது என்பது அந்த மாணவர் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரைக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் அம்மா பை கட்டிக்கொண்டிருந்தாள். மாமா கல்லூரி திறந்துவிட்டதென்று அதற்கு முன்பே போய்விட்டார். அம்மாவின் பைக்குள் இரண்டு சேலை, துண்டு, சீப்பு, வேதம். அட்டை ஜன்னல் கட்டையிலேயே கிடந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"அம்மா, இத மறந்துட்டீகளே."

"அது எதுக்கு? அங்கனயே இருக்கட்டும்."

"வாக்குத்தத்தம்மா."

அம்மா சிரித்தாள். என்னை உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். பின்னிக்கொண்டே, என்னிடம் என்று இல்லாமல் சொன்னாள்.

"கண்ண மூடிக்கிட்டுத்தான் கைய நீட்டுனேன். தட்டுல படுறதுக்கு முன்னாடியே அட்ட வந்துருச்சு. கூடவே ஒரு வெரலு. சில்லுன்னு இருந்துச்சு. சின்னதுல இருந்தே அவனுக்கு அப்படித்தான், பயந்தான்னா கை சில்லுட்டுப் போகும். இருட்டுல எங்கையப் பிடிச்சுக்கிட்டே வருவான்." கொஞ்ச நேரம் பின்னினாள். "பாவம், ரொம்பப் பயந்துட்டான். போய்த்தான் பாப்போமே."

"மாமா எதுக்கும்மா பயந்தாக?"

"தலைய ஆட்டாத" என்றாள்.

மாமாவுக்குப் பயமென்றால் அம்மா ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ரகசியம் வெளியே போகாமல் நான் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையோடு அட்டையைத் திரும்ப ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

மறுநாள் காலை அம்மாவும் அப்பாவும் மதுரை பஸ் ஏறினார்கள். நான் பள்ளிக்கூடம் போனேன்.