காற்று எட்டாத மூலை

முதலில் தெரிந்தது தோளில்தான். லோடுக்குக் கயிறு இழுத்துக் கட்டிய மறுநாள், கயிறு பட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருந்தது. சிவகாசியிலிருந்து வெளியூருக்குப் பட்டாசு ஏற்றிப்போகும் லாரிக்கு நான் டிரைவர். கன்றிப்போவதெல்லாம் எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை. பல் தேய்க்கும்போது ரத்தம் நிற்காமல் வந்த பிறகுதான் விருதுநகரில் ரத்தம் சோதித்தேன். உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரையில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜையை (எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் கூழ் போன்ற பகுதி) எடுத்துப் பார்த்தார்கள். லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) என்றார் டாக்டரம்மா. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த ஊசி வலிக்கும். வலிக்காது என்பவர்கள் குத்திக்கொள்ளாதவர்கள்.

முதல் சுற்று கீமோவுக்கு (புற்றுச் செல்களைக் கொல்லும் மருந்தை நரம்பில் ஏற்றுவது) ஒரு மாதம் படுத்துக் கிடந்தேன். முடி கொட்டியது, வாயெல்லாம் வெந்தது, காய்ச்சல் விட்டபாடில்லை. அதன்பின் ரெமிஷன் (சோதனையில் நோய் தென்படாத நிலை) வந்துவிட்டது என்றார்கள். நான் பையைக் கட்டினேன். இன்னும் மூன்று சுற்று இருக்கிறது என்றார் டாக்டர்.

"அதான் ஒண்ணும் இல்லேன்னுட்டீகளே" என்றேன். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"தெரியலைன்னு சொன்னேன். இல்லைன்னு சொல்லலை. மஜ்ஜைக்குள்ள ஆக்சிஜன் ரொம்பக் குறைவான மூலைகள் இருக்கு. அங்க சில புற்றுச் செல்கள் பெருகாம தூங்கிட்டிருக்கும். இந்த மருந்து பெருகுற செல்லைத்தான் நல்லாக் கொல்லும். தூங்குறது தப்பிச்சிடும், பிறகு முழிச்சுக்கும்."

ஆக்சிஜன் குறைந்த இடத்தில் மட்டும் வேலை செய்து அவற்றைப் பிடிக்கிற மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். நம் கைக்கு வர நாளாகும். அதுவரை இருக்கிற மருந்தையே திரும்பத் திரும்பக் கொடுப்பதுதான் வழி என்றார்.

நான் இதில் பாதியைத்தான் காதில் வாங்கினேன். உடன் வந்த மச்சினன் கருப்பசாமி முழுவதையும் வாங்கிக்கொண்டான், தன் தொழில் அறிவோடு. சாத்தூரில் கேஸ் வெல்டிங் கடை வைத்திருப்பவன் அவன். அடுத்த வாரம், இரண்டாவது சுற்றுக்கு முன்னால் நான் ஊருக்கு வந்திருந்தபோது, லோடு ஆட்டோவில் கடையிலிருந்த ஆக்சிஜன் சிலிண்டரோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"அத்தான், காத்து இல்லாத இடத்துலதான ஒளிஞ்சிருக்கு? அம்புட்டுக் காத்தையும் உள்ள விட்டுட்டா எங்கன போயி ஒளியும்?"

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுபடி மதுரைக்குப் போகாமலிருக்க எனக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. இறக்கச் சொன்னேன்.

அப்போதுதான் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த என் மனைவி பேச்சியம்மாள் வாசலை மறித்து நின்றாள். புஸ்வாணம் அடைக்கும் வேலை அவளுக்கு. சேலையெல்லாம் வெள்ளி நிறத்தில் அலுமினியப் பொடி மினுங்கியது.

"ஏலே, எறக்காத. என் சேலையில இருக்க பொடியோட இந்தக் காத்தும் சேந்தா ஒரு பொறி போதும், வீடே இருக்காது" என்று தம்பியை அதட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இவுகளுக்கு ஊசிக்குப் பயம். அதச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதான?" என்றாள்.

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மதுரைக்குப் பஸ் ஏறினேன். சிலிண்டர் கதையைக் கேட்டு டாக்டர் சிரிக்கவில்லை. "எவ்வளவு மூச்சு இழுத்தாலும் அந்த மூலை பெரிசா மாறாது. அதோட அமைப்பே அப்படி" என்றார்.

மூன்று சுற்றையும் முடித்தேன். ஒவ்வொன்றிலும் காய்ச்சல், ஒவ்வொன்றிலும் யாராவது வந்து ரத்தம் கொடுத்தார்கள். கடைசியாக மறுபடி மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"எங்க சோதனைக்கு எட்டுற வரைக்கும் இல்லை. மூணு மாசம் கழிச்சு வாங்க."

முன்பு எனக்கு வருடம் என்பது தீபாவளிக்குத் தீபாவளி. இப்போது மூன்று மாதம், மூன்று மாதமாகத்தான் நாள் ஓடுகிறது. நன்றாக மூச்சு இழுக்கும்போதுகூட, இந்தக் காற்று சரியாகப் போய்ச் சேராத ஒரு மூலை எனக்குள்ளேயே இருப்பது நினைவுக்கு வரும். அங்கே ஏதாவது இருக்கிறதா, இல்லையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

ஆறாவது சோதனைக்குப் பிறகு, லாரி ஓட்டலாம் என்றார் டாக்டர். லைசென்ஸைப் புதுப்பிக்க நானும் பேச்சியம்மாளும் சூலக்கரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனோம். பட்டாசு மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரி டிரைவர்களுக்கு அதை மூன்று வருடத்துக்குத் தருவார்கள். புது லைசென்ஸ் கைக்கு வந்ததும், அது முடியும் தேதியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நோய் வந்ததிலிருந்து யாரும் எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் தந்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

பேச்சியம்மாள் அதை வாங்கிப் பார்த்தாள். தேதியை இரண்டு தடவை படித்தாள்.

"எங்கிட்டயே இருக்கட்டும். நீங்க எங்கனயாவது தொலச்சுப் போடுவீக" என்றாள்.