கீழே உள்ளது சும்மா

எல்லாக் கடைகளிலும் நான் சொல்லும் வாசகம் ஒன்று இருந்தது. "மேல ஏத்தியாச்சு, இனிமே கவலையில்ல." மாட்டுங்காவில் பாத்திரக் கடைக்காரரிடமும் அதைத்தான் சொன்னேன், செம்பூரில் ஹோமியோபதி டாக்டரிடமும் அதைத்தான் சொன்னேன். கிளவுட் என்றால் என்ன என்று ஒழுங்காக விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே அவர்கள் பார்வை வாசலுக்குப் போய்விடும். வருகிற வாடிக்கையாளரைக் கவனிப்பார்களா, என்னைக் கவனிப்பார்களா? அதனால் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். "உங்க மாளாவுல போட்டு வைக்கிற மாதிரின்னு வச்சுக்குங்க" என்பேன். பத்துக்குப் பதினைந்து அறையில் பிழைப்பு நடத்தும் மும்பைக்காரர்களுக்கு மாளா உடனே புரியும். தலைக்கு மேல் பலகை அடித்துச் செய்த பரண் அது. மேலே போட்டதை யாரும் தொடமாட்டார்கள்.

உதாரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கடைகளின் கணக்கு வழக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கும் இந்தத் தொழிலுக்குத் தனியாக வந்து ஏழு வருடமாகிறது. பையில் லேப்டாப்போடு தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்குமாக அலைகிறேன். ஒரு கடைக்காரர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் எனக்கு வேலை வருகிறது. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது. வாய்ப் பேச்சுதான் மூலதனம்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்று என் வாடிக்கை. முதலாளி திருநெல்வேலிப் பக்கம், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஆறு மிஷின், எட்டு ஆள், ஒரு மாளா. பைக்குத் தோல் வெட்ட அளவு அட்டைகள் வேண்டும். அவற்றை ஃபர்மா என்பார்கள். ஒரு பைக்கே பத்துப் பன்னிரண்டு துண்டு வரும். வருடக்கணக்கில் சேர்ந்த ஃபர்மாக்கள், கரப்பான் தின்றது போக மீதி, மாளா முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, கிளவுடிலும் போட்டுக் கொடுத்தேன். வேண்டியபோது பிரிண்ட் எடுத்து வெட்டிக்கொள்ளலாம். "இனிமே இந்த அட்டையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, தூக்கிப் போடுங்க" என்று சொன்னதும் நான்தான். போட்டார்கள். காலியான இடத்தில் தோல் சுருள்கள் ஏறின. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஒரு ஆள் வேண்டும் என்றேன். அவர் கைகாட்டியது அவருடைய ஊர்க்காரி ஒருத்தியை. என் வயதுதான் இருக்கும். பதினைந்து வருடமாகத் தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தவள். அந்தப் பசைக்குப் பட்டறையில் சொல்யூஷன் என்று பெயர். டப்பாவைத் திறந்தால் இரண்டே நிமிடத்தில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். அவளுக்கு அது நெஞ்சில் இறங்கி இருமலாகிவிட்டது. இனி அந்த வாசனைப் பக்கமே போகக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டால் அடுப்பு எரியாது. அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் நாற்காலி வந்தது. வாசலை ஒட்டி இருந்த நாற்காலி, காற்று வரும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். திரையில் உள்ள படங்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைப் பிடித்துக்கொண்டாள். சில மாதங்களில் இருமல் அடங்கியது. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அவளை அந்த நாற்காலியில் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறை முழுவதும் கழுவித் துடைப்பார்கள். அவரவர் ஆயுதத்தை அவரவர்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அங்கே வழக்கம். தைப்பவர் மிஷினைத் திறந்து அடைந்திருக்கும் நூலையும் தூசியையும் எடுத்து எண்ணெய் விடுவார். வெட்டுபவர் கத்தியைத் தீட்டி வைப்பார். அந்த வருடம் முதல்முறையாக அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆயுதம். திரையைத் துடைத்தாள், கீபோர்டைத் துடைத்தாள். மிஷின்காரர் உள்ளே திறந்து சுத்தம் செய்வதைப் பார்த்துவிட்டு, நாமும் உள்ளே சுத்தம் செய்ய வேண்டாமா என்று எனக்குப் போன் செய்தாள்.

நான் அப்போது தாதர் பூ மார்க்கெட்டில் இருந்தேன். தசரா சமயத்தில் அங்கே இரண்டு காலையும் ஊன்றி நிற்க இடம் கிடைத்தால் பெரிய விஷயம். சாமந்திக்காரியோடு மராத்தியில் பேரம் பேசிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"மேடம், எல்லாம் மேல இருக்குல்லா?"

"இருக்கு, இருக்கு."

"கீழ ஒரே அடைசலா கெடக்கு. எடுத்துரட்டுமா? பூசைக்குச் சுத்தமா இருக்கும்."

"மேலதான் எல்லாம் இருக்கே. கீழ உள்ளது சும்மா" என்றேன். அதற்குள் பூக்காரி நான் எடுத்து வைத்த பூவை வேறொருத்திக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்தக் கோபம்தான் பெரிதாக இருந்தது. போனை வைத்துவிட்டேன்.

கிளவுட் மாளா மாதிரி இல்லை. நான் அமைத்துக் கொடுத்த முறையில் மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றுதான். கீழே அழித்தால் மேலேயும் அழியும். என் உதாரணத்தில் விட்டுப்போனது இந்த ஒரு விஷயம்தான்.

மறுநாள் பூஜைக்கு அண்ணாச்சி கூப்பிட்டிருந்தார், போனேன். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், திரையின் நடுவில் குங்குமம், மேலே சாமந்தி மாலை. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்பார்கள். போனை மட்டும் யாரும் வைப்பதில்லை. ஒரு நாள் அதைத் தொடாமல் இருக்கும் பக்தி இந்த ஊரில் யாருக்கும் கிடையாது. பொரியும் சுண்டலும் தின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி புது ஆர்டர் ஒன்றைப் பற்றிச் சொன்னார். மறுநாளே வெட்டத் தொடங்க வேண்டுமாம். அந்தப் பையின் ஃபர்மாவை எனக்குக் காட்டுவதற்காகத் தன் போனில் திறந்தார். ஒன்றும் இல்லை. போனைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

நான் பார்த்தேன். மொத்தமும் காலி. பரவாயில்லை, அழித்தது குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்று அதைத் திறந்தேன். அதுவும் காலி.

"பூசை அன்னைக்குக் குப்பத்தொட்டி நெறஞ்சு கெடக்கலாமா?" என்றாள் அவள். அவளுக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. "மேலயும் ஒரு தொட்டி இருந்துச்சு. அதையும் காலி பண்ணிட்டேன்."

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. "ஏட்டி, இத்தன வருச ஒழைப்ப தொடச்சுப் போட்டுட்டியே. அட்டையும் இல்ல, இதுவும் இல்ல. நாளைக்கு என்னத்த வச்சு வெட்டுவேன்? ஒன்னய ஒக்கார வச்சது என் தப்பு. நாளையிலருந்து சொல்யூஷன் பக்கமே போ. கம்ப்யூட்டர தொடவே தொடாத."

அவள் வாய் திறக்கவில்லை. நேற்று போனில் கேட்டேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் செய்தது இதுதான்: தொண்டையைச் செருமிக்கொண்டு, "கோவப்படாதீங்க அண்ணாச்சி, கம்பெனிக்கு எழுதிப் பாக்கறேன்" என்றேன். ஏதோ ஊரார் பிரச்சினையைத் தீர்க்க வந்தவள் மாதிரி.

வீட்டில் என் லேப்டாப்பும் பூஜையில் இருந்தது. என் மகள் அதற்குப் பெரிய குங்குமப் பொட்டாக வைத்திருந்தாள். "நாளைக்குத்தானேம்மா எடுக்கணும்" என்றாள். பதில் சொல்லாமல் பொட்டோடேயே திறந்தேன். கிளவுட் கம்பெனிக்கு எழுதி, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் அனுப்பி, மறுபடி எழுதி, மறுநாளும் அதற்கு மறுநாளும் அதே வேலை. அண்ணாச்சி பழைய பைகள் சிலவற்றைப் பிரித்து அளவெடுத்து எப்படியோ வெட்டத் தொடங்கியிருந்தார். மூன்றாம் நாள் எல்லா ஃபர்மாவும் திரும்ப வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

அழாத குறையாக அண்ணாச்சி போனில் பேசினார். "மேடம், ஏக்தம் எல்லாமே போச்சுன்னு நெனச்சேன். நீங்க இல்லன்னா நான் இல்ல." தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் பக்கத்துக் கடைகளிலிருந்து மூன்று பேர் கூப்பிட்டார்கள். நான் கெடுத்ததை நானே சரிசெய்ததற்கு இவ்வளவு நல்ல பேர். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த மூன்று பேருக்கும் வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் பட்டறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் அண்ணாச்சியே உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தார். உள்சுவர் ஓரம், காற்றே வராத இடத்தில், மடியில் தோலும் பக்கத்தில் சொல்யூஷன் டப்பாவுமாக அவள். முந்தானையால் மூக்கை மூடிக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையை இறக்கி, "வாங்க மேடம், எல்லாம் வந்துட்டாமே" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது. லேசில் நிற்கவில்லை. அண்ணாச்சி எனக்கு டீ சொல்லிவிட்டிருந்தார். டீ வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அவங்க என்னைக் கேட்டுட்டுத்தான் அழிச்சாங்க. எடுத்துடலாம்னு சொன்னது நான். கீழ அழிச்சா மேலயும் போயிடும்னு நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவே இல்ல."

மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அண்ணாச்சி என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள், அது நியாயம்தான். இப்போது புதிதாக எந்தக் கடைக்குப் போனாலும் முதல் வேலையாக ஒரு ஃபைலை அவர்கள் கையாலேயே அழிக்கச் சொல்கிறேன். மேலேயும் அது காணாமல் போவதைப் பார்த்து ஒரு தடவை பதறிவிட்டார்கள் என்றால் பிறகு நான் விளக்க வேண்டியதில்லை. மாளாப் பேச்சை விட்டுவிட்டேன். அவளுக்கும் அன்றைக்கே நாற்காலி திரும்பக் கிடைத்தது.

ஆனால் அன்று அந்த நாற்காலியிலிருந்து எழுந்த அண்ணாச்சி முதலில் அவள் பக்கம்தான் திரும்பினார். "ஏட்டி, அன்னைக்கே சொன்னா என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

அவள் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். கையைத் துணியில் துடைத்தாள்.

"மேடம் அங்கனதான நின்னாவ. அவியளே சொல்லுவாவன்னு இருந்தேன்."

நாலு நாள் இருந்திருக்கிறாள்.