அத்தையின் கெமிஸ்ட்ரிக்கு நான் காவல்

ஆறு வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது: அத்தைக்குக் காவல். பாண்டிச்சேரியில் தங்கி பி.யு.சி. படித்த அத்தை, கெமிஸ்ட்ரியில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு வந்திருந்தாள். இன்னொரு தடவை எழுதலாம், அதிலும் தவறினால் கல்யாணம்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். டியூஷனுக்குக் கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போக வேண்டும். "பாப்பா கூட வந்தா போ. இல்லன்னா வூட்லயே கெட" என்பது அப்பாவின் உத்தரவு. முன்பல் விழுந்த நான் யாரிடமிருந்து அத்தையைக் காப்பாற்றப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டியூஷன் சார் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பையும் ஈர்க்குச்சியையும் வைத்து மீத்தேன் செய்து காட்டுவார். நடுவில் ஒன்று, சுற்றிலும் நான்கு. எப்படி உருட்டிப் போட்டாலும் மூன்று காலில் நிற்கும். பாடம் முடிந்ததும் நான்கு ஹைட்ரஜனையும் நான் தின்றுவிடுவேன்.

பரீட்சைக்கு முந்தின கடைசி வகுப்பன்று எனக்குக் காய்ச்சல். அம்மா நெற்றியைத் தொட்டவள், கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"இன்னா, ஒடம்பு சுடுதா?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்க. வெயில்ல ஆடிக்கினு இருந்தா."

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பொய் சொன்னால் நாக்கில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள்! கஷாயத்தைப் புகட்டி, பழம்புடவையில் சுற்றி, என்னை அத்தையிடம் கொடுத்தாள். "வேணாம் அண்ணி" என்று அத்தை அழுதாள்.

"பஸ்ஸு வந்துடும், ஜல்தி போ" என்றாள் அம்மா.

சார் வீட்டுப் பாயில் சுருண்டு கிடந்தேன். அவர் குரல் மட்டும் கேட்டது. "அணுவோட கரு எல்லாத்தையும் தன் பக்கம் இழுக்கும்மா. உள்ளார இருக்கிற எலக்ட்ரானுங்க நடுவுல நிக்கறதால, வெளிய இருக்கிறதுக்கு அவ்ளோ இழுப்பு தெரியாது." அத்தை எழுதிக்கொண்டே இருந்தாள்.

திரும்பி வந்து இறங்கியபோது அம்மா ரோட்டோரத்தில் நின்றிருந்தாள். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் நிற்கிறாள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். என்னை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், காய்ச்சல் விட்ட பிறகும் அவளோடு பேசவில்லை.

அத்தை தேறினாள். விழுப்புரத்தில் டீச்சரானாள். பிற்பாடு நான் காலேஜுக்குப் போனபோது யாரும் எனக்குக் காவல் போடவில்லை. அங்கே சார் சொன்ன அந்த எலக்ட்ரான் பாடம் வந்த அன்று, பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நடுவில் நின்றவள் யார் என்று அப்போது தெரிந்தது. நிற்பதற்கு அவள் எதைப் பணயம் வைத்தாள் என்பது அப்போதும் தெரியவில்லை. எனக்கு மகள் பிறந்து, அவள் உடம்பு முதன்முதலாகச் சுட்ட அன்றுதான் அம்மாவை நினைத்துக் கைகூப்பினேன்.